பேறுகால உடலியக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

ஈன்றணிமைக் காலத்தைக் குறிக்கப் 'புனிறு' என்றொரு தனிச்சொல் பழந்தமிழில் வழங்கியது. தொல்காப்பியத்து உரியியல் அச்சொல்லை எடுத்து அதற்குப் பொருள் கூறுகின்றது. கருவுற்ற காலமும் ஈன்ற காலமும் பெண்ணின் ஏனைய நாட்களினின்று வேறுபட்டவை என்பதைத் தமிழர் மட்டுமன்றி எல்லாச் சமூகத்தவரும் உணர்ந்திருந்தனர். ஆயின், அந்நாட்களில் அவளது உடல் எவ்வளவு அசையலாம், எவ்வளவு ஓய்ந்திருக்கவேண்டும் என்னும் வினாவுக்கு அவர்கள் அளித்த விடைகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டவை. கர்ப்பிணிகள் நாள்தோறும் நடக்கும்படி சட்டம் இயற்றல்வேண்டும் என்றோரும் உளர். பிள்ளை பெற்றவள் படுக்கையைவிட்டு எழவே கூடாது எனப் பணித்தோரும் உளர். இன்றைய மருத்துவ உலகமோ, தடையாதும் இல்லாத கர்ப்பிணி வாரமொன்றுக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுதல் நன்று எனக் கூறுகின்றது.

இம்மாற்றத்தை மருத்துவ அறிவு படிப்படியே வளர்ந்த கதையாக மட்டும் காண்பது பொதுவழக்கு. அது முழுமையான விளக்கமாகாது. கர்ப்பிணியின் அசைவு பற்றிய விதிகளைப் பல காலங்களில் வகுத்தவை அரசின் தேவையும் குடும்பத்தின் அந்தஸ்தும் தொழிற்சாலையின் மணியோசையுமே. அவளது உடலை அருகிருந்து நோக்கிய தாதியரும் மருத்துவிச்சியரும், அவ்வுடலுக்குரிய தாய்மாரும் பேசத் தொடங்கியபோதே பயன்தரு அறிவு பிறந்தது. இக்கருத்தை, இத்துறையில் விரிவான சான்றுகளை விட்டுச்சென்றுள்ள பிரித்தானிய வரலாற்றைப் பிரதானமாகக் கொண்டு ஆராய்ந்து, ஈற்றில் நமது சூழலோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் கருத்து

ஸ்பாட்டா நாட்டில் இளம்பெண்கள் ஓட்டத்திலும் மற்போரிலும் பயிற்றப்பட்டனர் எனவும், உறுதியான உடலிலேயே உறுதியான கரு வேரூன்றும் என்பதே அதன் காரணம் எனவும் பிற்காலத்தவரான புளூட்டாக் எழுதியுள்ளார். அரிஸ்தோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் ஏழாம் பகுதியில் கர்ப்பிணிகள் உடலைப் பேணவேண்டும், சோம்பியிருத்தல் ஆகாது என்கிறார். அதற்கு அவர் கூறும் உபாயம் சுவையானது. பிள்ளைப்பேற்றுக்குரிய தெய்வங்களின் ஆலயங்களுக்கு நாள்தோறும் நடந்து சென்று வழிபடும்படி சட்டம் இயற்றுவோர் விதிக்கலாம் என்பதே அது. இவ்விரு செய்திகளிலும் பெண்ணின் உடல் நலம் முதன்மை பெறவில்லை. நாட்டுக்கு நல்ல பிரசைகள் வேண்டும். அதற்குத் தாயின் உடல் கருவி. இந்நடையும் பயிற்சியும் பிரசைகளின் மனைவியருக்கே உரியன. அவர்களின் இல்லங்களில் மாவரைத்தும் நீர் சுமந்தும் உழைத்த அடிமைப் பெண்களுக்கு இத்தகைய அறிவுரை தேவைப்பட்டிருக்க மாட்டாது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம நகரில் வைத்தியம் புரிந்த எபேசு நகரத்துச் சொரானஸ் இவ்விடயத்தை மருத்துவ நோக்கிலே அணுகினார். கர்ப்பகாலத்தை அவர் பருவங்களாகப் பகுத்தார். கரு நிலைகொள்ளும் தொடக்கப் பருவத்தில் அதிர்ச்சியும் கடும் அசைவும் தவிர்க்கப்படவேண்டும் என்றும், பின்னர் உலாவுதல் போன்ற மெல்லிய இயக்கங்கள் பொருந்தும் என்றும் கூறினார். பருவத்துக்கேற்ப இயக்கத்தை வகுத்தல் என்னும் கருத்து இவ்வாறு மிகப் பழமையானது.

இந்திய மருத்துவ மரபு பெரிதும் ஓய்வையே வலியுறுத்தியது. சுசுருத சங்கிதை கர்ப்பிணி தவிர்க்கவேண்டியவற்றுள் கடும் உடற்பயிற்சியையும் குலுங்கும் வாகனங்களில் ஏறுதலையும் அடக்குகிறது. பிள்ளை பெற்றவளின் வயிற்றை நீண்ட துணியாற் சுற்றிக்கட்டும் வழக்கத்தைச் சரக சங்கிதையிற் காண்கிறோம். யாழ்ப்பாணத்து இல்லங்களில் அண்மைக்காலம் வரை நிலவிய 'வயிறு கட்டுதல்' இந்நீண்ட மரபுக்கு உறவானது எனலாம்.

படுத்திருத்தலும் அடைபட்டிருத்தலும்

ஆங்கிலத்தில் பிள்ளைப்பேற்றைக் குறிக்க வழங்கிய பழைய சொற்கள் இரண்டு. ஒன்று 'படுத்திருத்தல்' எனவும் மற்றது 'அடைபட்டிருத்தல்' எனவும் பொருள்படும். பிரசவம் என்னும் நிகழ்ச்சிக்கே இப்பெயர்கள் வழங்கியமை அக்காலத்து மனப்பாங்கை நன்கு உணர்த்துகின்றது. வசதி படைத்த இல்லங்களிலே சாளரங்கள் மூடப்பட்டு, திரைகள் தொங்கவிடப்பட்டு, அடுப்பு மூட்டப்பட்ட அறையில் தாய் பல நாட்கள் மல்லாந்து கிடந்தாள். ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்தபின் தேவாலயத்துக்குச் சென்று நன்றி செலுத்தும் சடங்கோடு அவள் வெளியுலகுக்கு வந்தாள்.

இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தவர் மான்செஸ்ரர் நகரத்துச் சத்திரவைத்தியரான சாள்ஸ் வைற் ஆவார். 1773 இல் வெளியிட்ட நூலிலே, மூடிய அறையின் வெப்பமும் அழுக்கும், தாய் அசையாது மல்லாந்து கிடத்தலுமே பேற்றுக் காய்ச்சலுக்குத் துணைபோகின்றன என அவர் வாதிட்டார். சாளரங்களைத் திறவுங்கள், துணிகளைத் தூய்மையாக வைத்திருங்கள், தாயை விரைவில் எழுந்திருக்கச் செய்யுங்கள் என்பன அவரது அறிவுரையின் சாரம். நிமிர்ந்திருக்கும் உடலிலிருந்து கழிவுகள் தாமாகவே வடிந்துவிடும் என்பது அவர் கூறிய நியாயம். நோய்க்கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலத்திலே, நோயாளியை உற்றுநோக்கிய ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருத்தல் வியப்புக்குரியது.

ஆயினும் அடுத்துவந்த நூற்றாண்டு அவர் காட்டிய வழியிற் செல்லவில்லை. 1847 இல் வியன்னா நகரில் செம்மெல்வைஸ் வைத்தியர்களின் கைகளைக் குளோரின் கலந்த நீராற் கழுவச்செய்து பேற்றுக் காய்ச்சலைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். தூய்மை பற்றிய கருத்து மெல்ல வேரூன்றியது, படுக்கையோ மாறவில்லை. பிரசவத்தின் பின் கருப்பை சுருங்கி, ஏறத்தாழப் பத்தாம் நாளளவில் அடிவயிற்றிலே கைக்குத் தட்டுப்படாதவாறு இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். அதற்கு முன் எழுந்தால் கருப்பை கீழிறங்கிவிடும் என்ற அச்சமே பத்து நாட் படுக்கைக்கு ஆதாரமாயிற்று.

அப்படுக்கையிலே வேறோர் ஆபத்து மறைந்திருந்தது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் குருதி உறையும் இயல்பு கூடியிருக்கும். பிரசவத்தின்போது ஏற்படும் குருதியிழப்பைக் கட்டுப்படுத்த இயற்கை வகுத்த ஏற்பாடு அது. காலின் நாளங்களிலுள்ள குருதியை மேனோக்கித் தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்காற் தசையின் அசைவே. அசைவு நின்றால் குருதி தேங்கும். தேங்கிய குருதி உறையும். உறைந்த கட்டி பெயர்ந்து சுவாசப்பையை அடைந்தால் மரணம் நேரலாம். நாளத்தில் உருவாகும் கட்டி சுவாசப்பைக்குச் சென்று அடைப்பதை ஜேர்மானிய அறிஞர் விர்ச்சோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விளக்கியிருந்தார். ஆயினும் பிரசவப் படுக்கையின் விதிகள் மேலும் நூறு ஆண்டுகள் நிலைத்தன.

உடலை மட்டுமன்றி உள்ளத்தையும் கட்டாய ஓய்வு எவ்வாறு சிதைத்தது என்பதற்கு இலக்கியத்திலே சான்றுண்டு. அமெரிக்க எழுத்தாளரான சார்லொட் பேக்கின்ஸ் கில்மன் தம் மகள் பிறந்தபின் மனச்சோர்வுற்றார். அக்காலத்துப் புகழ்பெற்ற வைத்தியரான வெயர் மிச்சல் 1887 இல் அவருக்கு விதித்தது 'ஓய்வுச் சிகிச்சை'. படுத்திருத்தலும் மிகையுணவும் அறிவு முயற்சிகளை விலக்குதலும் அதன் கூறுகள். அந்த அனுபவத்தினின்று பிறந்து 1892 இல் வெளிவந்த 'மஞ்சள் நிறச் சுவர்த்தாள்' என்னும் சிறுகதை, அறையொன்றில் அடைக்கப்பட்ட இளந்தாயொருத்தி சிறிது சிறிதாகச் சித்தம் கலங்குவதைச் சித்திரிக்கின்றது.

ஓய்வு கிட்டாதோர்

மேற்கூறிய வரலாறு சமூகத்தின் ஒரு பகுதியினருக்கே உரியது. ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்த பெண்களுக்குப் படுக்கை ஓர் எட்டாக்கனி. பிரசவ வேதனை தொடங்கும்வரை இயந்திரத்தின் முன் நின்றோரும், சில நாட்களுள் அதே இடத்துக்குத் திரும்பியோரும் பலர். இவர்களின் நிலை காரணமாகவே சட்டங்கள் எழுந்தன. சுவிற்சர்லாந்து 1877 இல் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரங்கள் தொழிற்சாலை வேலையைத் தடைசெய்தது. ஜேர்மனி 1878 இல் பிரசவத்துக்குப் பிந்திய மூன்று வாரங்களுக்கும், பிரித்தானியா 1891 இல் நான்கு வாரங்களுக்கும் அவ்வாறே விதித்தன. பிரித்தானியச் சட்டம் வேலையைத் தடுத்ததேயன்றி இழந்த ஊதியத்தை ஈடுசெய்யவில்லை. ஓய்வு உரிமையாக வராது பட்டினியோடு வந்தபோது அதனை மீறியோர் பலராயினமை வியப்பன்று. சர்வதேசத் தொழில் தாபனம் தான் தோன்றிய ஆண்டாகிய 1919 இலேயே, பிரசவத்தின் பின் ஆறு வாரம் வேலை செய்வித்தலாகாது எனவும் அக்காலத்துக்கு உதவிப்பணம் வழங்கவேண்டும் எனவும் சமவாயம் ஒன்றை நிறைவேற்றியது.

1915 இல் பிரித்தானியப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் உழைக்கும் வர்க்கத் தாய்மாரின் கடிதங்கள் 160 ஐத் தொகுத்து நூலாக வெளியிட்டது. பாரந் தூக்கியும் துணி வெளுத்தும் பிரசவ நாள்வரை உழைத்ததையும், உரிய காலத்துக்கு முன் எழுந்து வேலை செய்ததால் வாழ்நாள் முழுவதும் நோய்ப்பட்டதையும் அவர்கள் தங்கள் கைப்பட எழுதினர். அவர்கள் வேண்டியது ஓய்வு. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், சில பெண்கள் மிகை ஓய்வினாலும் வேறு பெண்கள் மிகை உழைப்பினாலும் நலிந்தனர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. மென்மையான உடற்பயிற்சி என்னும் கருத்து இவ்விரண்டுக்கும் இடையிலேயே தோன்றியது.

தாதியரும் ஒரு நடனக் கலைஞரும்

1894 இல் இலண்டனில் தாதியரும் மருத்துவிச்சியருமாகிய நால்வர் உடல் நீவற் கலையை ஒழுங்கான தொழிலாக்கும் பொருட்டுச் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்களுள் ஒருவரான றோசலின்ட் பஜெற் மருத்துவிச்சியரின் பதிவுக்காகவும் பாடுபட்டவர். பிற்காலத்தில் இயன்மருத்துவர்களின் தொழிற்சங்கமாக வளர்ந்தது இச்சங்கமே. உடலின் அசைவை மருந்தாகக் கருதும் துறையும் பிள்ளைப்பேற்றுத் துறையும் தொடக்கத்திலேயே இவ்வாறு கைகோத்திருந்தன.

இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அத்தகைய பயிற்சிப் பள்ளிக்குப் பொறுப்பாயிருந்தவர் மினி ரண்டெல் என்னும் தாதி. அங்கிருந்த மகப்பேற்று வைத்தியரான பெயார்பெயாண் 1912 இல் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். பிரசவத்தின் பின் படுக்கையிற் கிடக்கும் தாய்மாரின் உடல் தளர்ந்துபோகாதவாறு பயிற்சிகளை வகுக்குமாறு அவர் வேண்டினார். எழுந்திருக்க அனுமதியற்ற தாய்மாருக்குப் படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகள் வகுக்கப்பட்டன. ஆழ்ந்து சுவாசித்தல், பாதங்களை அசைத்தல், வயிற்றுத் தசையை மெல்ல உள்ளிழுத்தல், தளர்ந்து ஓய்தல் முதலியன இத்தகைய பயிற்சிகளின் அடிப்படைகளாயின. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல் எளிய செயலாகத் தோன்றலாம். தேங்கிய குருதியை நகர்த்துவது அச்செயலே என்பதை முன்னர்க் கண்டோம். படுக்கை விதியை நேரே எதிர்க்காது, அதனுள்ளேயே அசைவுக்கு இடம் தேடியமை இம்முயற்சியின் சிறப்பாகும்.

பிள்ளை பெற்றபின் உடலைத் திருத்துவதிலும் பார்க்க முன்னரே ஆயத்தப்படுத்துவது மேல் என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. இக்கட்டத்திலே மார்கிறெற் மொறிஸ் என்னும் நடனக் கலைஞரின் பங்கு குறிப்பிடத்தக்கது. கிரேக்கச் சிற்பங்களின் நிலைகளை அடியொற்றிய நடனமுறையிற் பயின்ற இவர், நடனப் பயிற்சி உடலைச் சீராக்கவல்லது என்பதை உணர்ந்து, சென் தோமஸ் வைத்தியசாலையில் முறையாகக் கற்று 1930 இல் தகைமை பெற்றார். ரண்டெலும் மொறிசும் இணைந்து எழுதிய பிரசவகாலப் பயிற்சி நூல் 1936 இல் வெளிவந்தது. பிள்ளைப்பேற்றுக்கான பயிற்சி பற்றி ரண்டெல் தாய்மாரின் நோக்கிலிருந்து எழுதிய நூல் 1939 இல் தொடர்ந்தது.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குவன இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பகாலத்தின் பாரத்தாலும் பிரசவத்தின்போது விரிவதாலும் அவை தளர்வதால், இருமும்போதும் தும்மும்போதும் பல தாய்மாருக்குச் சிறுநீர் கசிகின்றது. வெட்கத்தால் வெளியே சொல்லப்படாத துன்பம் இது. அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி இக்குறையைத் தடுக்கவும் தீர்க்கவும் உதவும் என மொறிஸ் 1936 இலேயே எழுதியிருந்தார். அமெரிக்க வைத்தியரான ஆர்னோல்ட் கெகல் அதே தசைகளுக்கான பயிற்சி பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1948 இல். தசையின் அமுக்கத்தை அளந்து காட்டும் கருவியொன்றையும் அவர் அமைத்தார். தன் கண்ணுக்குப் புலப்படாத தசையொன்று வலுப்பெறுவதைப் பெண் தானே பார்த்தறிய அக்கருவி உதவியது. கெகலின் பணி மதிக்கத்தக்கதே. எனினும் அப்பயிற்சி இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்க, பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய நடனக் கலைஞரின் பெயர் துறைசார்ந்தோர் சிலருக்கே தெரிந்திருக்கின்றது.

காஷ்மீர்ப் படகுப் பெண்கள்

ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்தும் இச்சிந்தனைக்கு ஊட்டம் கிடைத்தது. காஷ்மீரில் ஸ்ரீநகரில் வைத்தியராகப் பணியாற்றிய கத்லீன் வோன், ஒரே ஊரில் வாழும் இருவகைப் பெண்களை ஒப்புநோக்கினார். நீரிலும் திறந்த வெளியிலும் உழைத்த படகுப் பெண்களின் பிரசவங்கள் பெரும்பாலும் எளிதாயிருந்தன. பர்தா வழக்கத்தால் வீட்டினுள்ளே அடைபட்டிருந்த பெண்களிடையே இடுப்பெலும்பு உருக்குலைந்து, பிரசவம் உயிராபத்தாவதை அவர் மீண்டும் மீண்டும் கண்டார். 1928 இல் இதுபற்றி நூலொன்றை வெளியிட்ட அவர், பின்னர் இங்கிலாந்தில் பேறுகாலப் பயிற்சிகளை வலியுறுத்தி எழுதினார். குந்தியிருத்தல் போன்ற கீழைத்தேய உடல்நிலைகளின் பயன் மேலைநாட்டவரின் கவனத்தைப் பெறுவதற்கு அவரது எழுத்துகளும் காரணமாயின.

வோனின் கருத்தை இன்று நாம் ஆய்ந்தே ஏற்றல்வேண்டும். அடைபட்ட பெண்களின் எலும்பு மென்மையடைந்தமைக்கு வெயில் படாமையால் விற்றமின் டீ குறைந்ததும் உணவிற் கல்சியம் போதாமையும் முக்கிய காரணங்கள். அசைவின்மை அவற்றோடு சேர்ந்த ஒன்றே. மேலும், உழைக்கும் கீழைத்தேயப் பெண்ணுக்குப் பிரசவம் இயல்பாகவே இலகுவானது என்ற எண்ணம் காலனித்துவக் கண்ணோட்டத்துக்கு உவப்பானது. அவளது துன்பத்தைக் காணாதிருக்கவும் அது உதவும். எனினும் வீட்டுச் சுவர்களே பிரசவ மேசையில் உயிர் குடிக்கக்கூடும் என்பதை எடுத்துக்காட்டியமை அவரது பணியின் நிலையான பயனாகும்.

போரும் மாற்றமும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதனை அடுத்தும் படுக்கையின் ஆதிக்கம் தளர்ந்தது. கட்டில்களுக்கும் தாதியருக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டால் நோயாளர் விரைவாக எழுப்பப்பட்டனர். அஞ்சியவாறு தீங்கு விளையவில்லை. அமெரிக்க வைத்தியரான வில்லியம் டொக் 1944 இலும் பிரித்தானியரான றிச்சேட் ஆஷர் 1947 இலும் முழுப் படுக்கையோய்வின் கேடுகளை வெளிப்படையாக எழுதினர். பேறுகாலப் பயிற்சியில் ஈடுபட்ட பிரித்தானிய இயன்மருத்துவர்கள் ஹெலன் ஹேட்மனின் தலைமையில் 1948 இல் தனிச்சங்கம் அமைத்தனர்.

அதே காலத்திலே பிரசவ வேதனையைத் தணிக்கும் நோக்கமும் பயிற்சியோடு இணைந்தது. அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வேதனையைக் கூட்டுகிறது என்பது பிரித்தானியரான கிறான்ட்லி டிக்-றீட்டின் கோட்பாடு. சோவியத் ஒன்றியத்திலே வெல்வொவ்ஸ்கி முதலியோர் பவ்லோவின் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு மனத்தயாரிப்பு முறையொன்றை வகுத்தனர். 1951 இல் லெனின்கிராட்டில் அதனைக் கண்ட பிரெஞ்சு வைத்தியர் லமாஸ், அடுத்த ஆண்டு பாரிஸ் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் பிரசவ நிலையத்தில் அதனைப் புகுத்தினார். பனிப்போர்க் காலத்தில் கம்யூனிச நாட்டினின்று வந்த முறையென ஐயுறப்பட்ட இது, 1956 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரின் இசைவையும் பெற்றமை சுவையான செய்தி. இம்முறைகள் வேதனையை முற்றாக நீக்கின எனல் மிகைக்கூற்று. எனினும் கர்ப்பிணிகள் கூடிக் கற்கும் வகுப்பு என்னும் ஏற்பாட்டை அவை உலகெங்கும் பரப்பின. தன் உடலில் நிகழப்போவதை முன்கூட்டியே அறியும் வாய்ப்பை அவ்வகுப்புப் பெண்ணுக்கு அளித்தது.

அளவும் ஆதாரமும்

எவ்வளவு பயிற்சி என்னும் வினாவுக்கு எண்களால் விடை கூறும் முயற்சி 1980களில் தொடங்கியது. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 1985 இல் வெளியிட்ட நெறிமுறைகள் கர்ப்பிணியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140 ஐத் தாண்டலாகாது, கடும் பயிற்சி 15 நிமிடத்தை மீறலாகாது, உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது, நான்காம் மாதத்தின் பின் மல்லாந்து படுத்துப் பயிலலாகாது என வரையறுத்தன. இவற்றுட் சில எச்சரிக்கையினாலே வகுக்கப்பட்டவை. போதிய ஆய்வு அப்போது இருக்கவில்லை. மல்லாந்து படுத்தல் பற்றிய விதிக்கு மட்டும் தெளிவான உடலியற் காரணம் உண்டு. வளர்ந்த கருப்பை, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்துவதால் மயக்கம் வரலாம்.

ஜேம்ஸ் கிளாப் முதலியோர் கர்ப்பகாலத்திலும் ஓடிய பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, நலமான தாய்க்கும் கருவுக்கும் பயிற்சி தீங்கு செய்யவில்லை எனக் காட்டினர். 1994 இல் 140 துடிப்பு என்னும் எல்லை கைவிடப்பட்டது. 2002 இல் அதே கல்லூரி, நலமான கர்ப்பிணி பெரும்பாலான நாட்களில் 30 நிமிட மிதமான பயிற்சியில் ஈடுபடலாம் என்றது. 2019 இல் வெளிவந்த கனடா நாட்டு நெறிமுறைகளும், 2020 இல் உலக சுகாதார தாபனம் வெளியிட்ட நெறிமுறைகளும் வாரத்துக்கு 150 நிமிடம் என்னும் அளவில் உடன்படுகின்றன. கனடா நெறிமுறைகளுக்கு ஆதாரமான ஆய்வுத் தொகுப்புகள், பயிற்சி செய்த கர்ப்பிணிகளிடையே கர்ப்பகால நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவெனக் கண்டன. இடுப்புத்தளப் பயிற்சி சிறுநீர்க் கசிவைக் குறைப்பதும் உறுதிப்பட்டுள்ளது.

முன்னர்ப் பயிற்சியில் ஈடுபடாத பெண் எவ்வாறு தொடங்குவது? வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம் என நடக்கத் தொடங்கிப் படிப்படியாக 30 நிமிடத்துக்கு உயர்த்துவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. நடக்கும்போது மூச்சுவாங்காது பேச முடியுமாயின் வேகம் அளவானதே. குருதி கசிதல், பனிக்குட நீர் வடிதல், தலைச்சுற்று, நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீங்கி வலித்தல் ஆகியவற்றுள் எதுவேனும் தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடவேண்டும். கருப்பை வாயைச் சூல்வித்தகம் மூடியிருப்போர், கடும் இதயநோயுள்ளோர், குருதியமுக்க நோய் முற்றியோர் முதலியோருக்கு இப்பயிற்சி பொருந்தாது. இயல்பான பிரசவத்தின் பின், உடல் இடந்தருமாயின் சில நாட்களிலேயே மெல்லிய நடையையும் இடுப்புத்தளப் பயிற்சியையும் தொடங்கலாம். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றோர் காயம் ஆறும்வரை பொறுத்து, வைத்திய ஆலோசனையுடன் முன்னேறவேண்டும். ஓட்டம் முதலிய கடும் பயிற்சிகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்தல் நன்று.

நமது சூழல்

கொழும்பில் 1879 இல் திறக்கப்பெற்ற டி சொய்சா பிரசவ விடுதியின் ஆங்கிலப் பெயரிலும் 'படுத்திருத்தல்' என்னும் சொல்லே இடம்பெற்றிருந்தது. மானிப்பாயில் பணிபுரிந்த வைத்தியர் கிறீன் 1857 இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டிருந்தார். இணுவிலில் 1898 இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை தோன்றியது. இவ்வாறு மேலைத்தேயப் பிரசவ முறை இங்கு வந்தபோது, அதனை எதிர்கொண்டது வெறுமையன்று. முப்பத்தொரு நாள் துடக்கு, சரக்கு, பத்தியம், வேது நீர் என நிறைவான பேறுகால ஒழுங்கொன்று நம்மிடையே நிலவியது.

அவ்வொழுங்கைப் பழிப்பதும் போற்றுவதும் எளிது. பகுத்து நோக்குவதே நமது கடன். துடக்கு என்னும் விலக்கு, தாயைத் தீண்டத்தகாதவளாக ஒதுக்கிற்று. அதே விலக்கே அவளை அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் ஒரு மாதம் மீட்டது. பொருள்வசதியற்ற குடும்பத்திலோ அம்மீட்சியும் அரிது. கூட்டிப் பெருக்கினாலும் குனிந்து அரைத்தாலும் பிள்ளைப்பேறு சுகமாகும் என மூத்தோர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். அசைவு நன்று என்னும் உண்மை அதில் உண்டு. ஆனால் மருமகளின் வேலைப்பளுவை நியாயப்படுத்தும் சொல்லாகவும் அது எளிதில் மாறிவிடுகின்றது.

மலையகத் தோட்டங்களை நோக்கின் இவ்வேறுபாடு மேலும் துலக்கமாகும். கூடையைச் சுமந்து சரிவுகளில் ஏறியிறங்கிய கர்ப்பிணிக்கும், பச்சிளங்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்தெடுக்கச் சென்ற தாய்க்கும் நடைப்பயிற்சியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது 1939 இன் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் போன்ற பாதுகாப்பே. பாரந் தூக்குதலும் நெடுநேரம் நிற்றலும் குறைமாதப் பேற்றின் அபாயத்தைச் சற்றே கூட்டுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. பயிற்சியிலும் உழைப்பிலும் தசை ஒரே விதமாகவே இயங்கலாம். பயிற்சியைத் தொடங்கும் நேரமும் நிறுத்தும் நேரமும் பெண்ணின் கையிலுள்ளன. உழைப்பில் அவை கங்காணியின் கையிலோ மாமியின் கையிலோ உள்ளன.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், பேறுகால உடலியக்கத்தின் வரலாறு ஓய்வுக்கும் அசைவுக்கும் இடையிலான வெறும் ஊசலாட்டமன்று என்பது தெளிவாகும். ஓய்வு கட்டாயமானபோது குருதி உறைந்தது, தசை தளர்ந்தது, உள்ளம் கலங்கியது. அசைவு கட்டாயமானபோது உடல் தேய்ந்தது. வைற் சாளரத்தைத் திறந்ததும், ரண்டெல் படுக்கையிலேயே பாதத்தை அசைக்கக் கற்பித்ததும், மொறிஸ் மறைந்திருந்த தசையைச் சுட்டிக்காட்டியதும், 160 தாய்மார் தம் துன்பத்தைத் தாமே எழுதியதும் ஒரே திசையை நோக்கிய முயற்சிகள். அவற்றின் பயனாகவே மெல்லத் தொடங்கு, படிப்படியே உயர்த்து, உடல் எச்சரிக்கும்போது நிறுத்து என்னும் எளிய நெறி இன்று நம் கைக்கு எட்டியுள்ளது.

இந்நெறி நம் இல்லங்களிற் பயன்படவேண்டுமாயின், குடும்பநல மருத்துவமாது தாய்க்குக் கூறும் அறிவுரை கணவனுக்கும் மாமிக்கும் சென்றடைதல்வேண்டும். கர்ப்பிணி மாலையில் அரைமணி நேரம் நடப்பதற்கு முதலில் வேண்டியது, அவ்வரைமணி நேரம் வீட்டு வேலையை வேறொருவர் ஏற்பது. புனிற்றுத் தாயின் உடலுக்கு ஓய்வும் உரியது; இயக்கமும் உரியது. இரண்டிற்கும் வேளை குறிக்கும் உரிமை அவளுடையதாகும்போதே இவ்வரலாறு நிறைவுபெறும்.